கிராமத்தில் சமுதாய வானொலி நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சிறிய சமுதாய வானொலியில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். மைக்கின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், கோபுரத்தில் ஏறியிருக்கிறேன், கணக்கும் எழுதியிருக்கிறேன். புதிதாக நிலையம் தொடங்க நினைப்பவர்கள் வந்து பார்க்கும்போது முதலில் கேட்பது கருவியைப் பற்றித்தான். ஆனால் நான் பார்த்தவரை, நிலையங்கள் கருவி பழுதாகி ஓய்ந்துபோவதைவிட ஆள் இல்லாமல் ஓய்ந்துபோவதே அதிகம். கீழே உள்ள பதில்களில் இந்தக் கவலை அடிக்கடி தலைகாட்டும்.

சமுதாய வானொலி என்று எதைச் சொல்கிறோம்?

யாருக்காக ஒலிபரப்பாகிறதோ அவர்களே நடத்தும் வானொலி. லாப நோக்கம் கிடையாது. ஒலிபரப்பு எட்டும் தூரமும் பெரும்பாலும் சில ஊர்களோடு நின்றுவிடும்.

இதற்கு இரண்டு பழைய வழிகள் உண்டு. 1947-இல் கொலம்பியாவின் சுத்தாத்தென்சா என்ற மலைக் கிராமத்தில் ஹோசே ஹோவாக்கின் சல்செதோ என்ற இளம் பாதிரியார் வானொலி தொடங்கி, அதன் வழியாக உழவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் பொலிவியாவின் வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர்கள், தங்கள் சங்கங்களின் மூலம் தாங்களே நிலையங்களைத் தொடங்கினார்கள். முதலாவதில் படித்தவர் பேசினார், ஊர் கேட்டது. இரண்டாவதில் ஊரே பேசியது. இரண்டும் நல்ல பணி. ஆனாலும் என் மனம் சுரங்கத் தொழிலாளர்கள் பக்கம்தான் சாய்கிறது.

ஒரு நிலையம் உண்மையிலேயே சமுதாய வானொலியா என்று தெரிய வேண்டுமானால் அதன் சாவி யாரிடம் இருக்கிறது, அடுத்த வார நிகழ்ச்சிகளை யார் கூடி முடிவு செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஒலியை அலையாக்கி அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் சக்தி குறைந்ததுதானே, உரிமம் கட்டாயமா?

கட்டாயம். அலைவரிசை பொதுச் சொத்து. பெரும்பாலான நாடுகளில் எஃப்.எம். ஒலிபரப்புக்கு 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு அடுத்து, 108 முதல் 137 வரை, விமானங்களின் வழிகாட்டுக் கருவிகளும் விமானிகளின் பேச்சும் இருக்கின்றன. வேண்டாத அலைகளைத் தடுக்கும் வடிகட்டி இல்லாத மலிவு டிரான்ஸ்மிட்டர் தனக்குரிய இடத்தில் மட்டும் நிற்காது. 100 மெகாஹெர்ட்ஸில் அனுப்பினால் 200-இலும் கொஞ்சம் கசியும். சில நேரம் கண்ட இடத்திலெல்லாம் கசியும்.

எத்தனை வாட், எவ்வளவு உயரக் கோபுரம், விளம்பரம் போடலாமா, செய்தி சொல்லலாமா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டு விதிகளை முழுதாகப் படித்து முடிக்கும்வரை ஒரு கம்பிகூட வாங்காதீர்கள். முதலில் டிரான்ஸ்மிட்டரை வாங்கிவிட்டு, உரிமத்தில் அனுமதித்த அளவு வேறு என்று தெரிந்து தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உரிமம் வர ஆண்டுக்கணக்கில் ஆகிறதே, அதுவரை என்ன செய்வது?

ஒலிபரப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்யலாம். இந்தியாவில் தக்காணப் பீடபூமியின் மாச்னூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் வானொலி 2008 அக்டோபரில்தான் காற்றில் ஏறியது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர்கள் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கிவிட்டார்கள். பதிவு செய்த நாடாக்களைத் தங்கள் ஊர்க் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். நேபாளத்தின் ரேடியோ சாகர்மாதாவும் நெடிய விண்ணப்பப் போராட்டத்துக்குப் பிறகே 1997-இல் ஒலிக்கத் தொடங்கியது.

வாரம் ஒரு நிகழ்ச்சி பதிவு செய்யுங்கள். ஒரு மரத்தடியில் ஒலிபெருக்கி வைத்து எல்லோருமாகக் கேளுங்கள். ஒலிபரப்பில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும்: கேட்பவர்களின் முகம். எந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசத் திரும்புகிறார்களோ, அந்த இடத்தில் நிகழ்ச்சி சலிப்பூட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பயிற்சி ஓராண்டு கிடைத்தவர்கள் உரிமம் தாமதமானதற்கு நன்றி சொல்வார்கள்.

எத்தனை பேர் வேண்டும்?

நினைப்பதைவிட அதிகம் பேர். வெளியே போய்ப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, அரை மணி நேர நிகழ்ச்சியாக்க எங்களுக்கு ஒருவருடைய முழு நாள் உழைப்பு ஆகிறது. தினமும் இரண்டு மணி நேரம் புதிதாகத் தர வேண்டுமானால் எத்தனை நாள் உழைப்பு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்தக் கணக்கைப் போடாமல் தொடங்கினால், மூன்றாவது மாதம் நாளெல்லாம் பாட்டுதான் ஓடும்.

தன்னார்வலர்கள் வருவார்கள், போவார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். படிப்பு, வேலை, கல்யாணம் என்று ஒவ்வொருவராகக் கிளம்பும்போது வருத்தப்படலாம், கோபப்படக் கூடாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: எந்த வேலையையும் இரண்டு பேருக்குக் குறையாமல் தெரிந்திருக்கச் செய்வது. ஒலிகளைக் கலந்து அளவு கூட்டிக் குறைக்கும் மிக்ஸரை இயக்குவது முதல் உரிமக் கட்டணம் கட்டும் தேதி வரை. கணினியின் கடவுச்சொல் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்ததால், அவர் வெளியூர் போயிருந்த இரண்டு நாளும் எங்கள் நிலையம் வாய்மூடி இருந்தது.

சம்பளம் கொடுக்க முடியாவிட்டாலும் பஸ் செலவைத் தன்னார்வலர் கையிலிருந்து போக விடாதீர்கள். வாராவாரம், கேட்காமலே கொடுத்துவிட வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டே பலர் நின்றுபோகிறார்கள். கணக்குக்கும் தினசரிப் பொறுப்புக்கும் ஒரே ஒருவராவது சம்பளத்தில் இருப்பது நல்லது.

எத்தனை வாட் இருந்தால் எவ்வளவு தூரம் போகும்?

கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்க வேண்டும்: ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும். பூமியின் வளைவைத் தாண்டி அதிகம் வளையாது, குன்று வந்தால் அதன் பின்னால் நிழல் விழும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அலைக்கு அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று தோராயமாகத் தெரியும். 9 மீட்டருக்கு 12 கிலோமீட்டர், 36 மீட்டருக்கு 25 கிலோமீட்டர் என்று வரும். சமவெளியில் இது ஏறக்குறைய உச்ச வரம்பு. மரமும் மேடும் இருந்தால் இன்னும் குறையும்.

வாட்டை ஏற்றிக்கொண்டே போவது வீண். 50 வாட்டை 100 ஆக்கினால், வெட்டவெளியில்கூடத் தூரம் ஒன்றரை மடங்கை எட்டாது. அதே செலவில் ஊரிலேயே மேடான இடத்தில் கோபுரம் நட்டால் பலன் அதிகம்.

இன்னொரு எளிய வழியும் உண்டு. பேச்சுதான் உங்கள் உயிர்நாடி என்றால் இடம், வலம் என இரண்டு தடத்தில் போகும் ஸ்டீரியோவை நிறுத்திவிட்டு, ஒரே தடமான மோனோவில் அனுப்புங்கள். விளிம்பில் இருக்கும் ஊர்களில் இரைச்சல் வெகுவாகக் குறையும். இதற்குக் காசு ஏதும் ஆகாது.

டிரான்ஸ்மிட்டர் சரியாக இருக்கிறது. ஆனாலும் தூரத்து ஊர்களில் கேட்கவில்லை. ஏன்?

டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஆன்டெனாவுக்கு ஏறும் கேபிளைப் பாருங்கள். மெல்லிய கேபிளில் 30 மீட்டர் ஏறுவதற்குள் பாதிக்கு மேல் சக்தி வெறும் சூடாகப் போய்விடும். கனமான, இழப்புக் குறைந்த கேபிள் விலை கூடுதல்தான். ஆனால் பெரிய டிரான்ஸ்மிட்டர் வாங்குவதைவிட அது மலிவு.

அடுத்தது இணைப்புகள். ஒரு மழைக்காலத்தில் எங்கள் ஒலிபரப்பு மழை பெய்த மறுநாளெல்லாம் மங்கியது, வெயில் அடித்தால் திரும்ப வந்தது. டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிப் பார்த்தோம், அதில் குறை இல்லை. டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டுக் கோபுரத்தில் ஏறி, ஆன்டெனாவும் கேபிளும் சேரும் இணைப்பைத் திருகியபோது ஒரு சொட்டுத் தண்ணீர் என் மணிக்கட்டில் விழுந்தது. உள்ளே நடு ஊசி முழுவதும் பச்சைக் களிம்பு. சுற்றியிருந்த நாடா வெயிலில் பொரிந்து விரிந்திருந்தது; தண்ணீர் புக அது போதும். தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை முதலில் சுற்றி, அதன்மேல் கறுப்பு மின்நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றினால் கூரை ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து தண்ணீர் வழிந்துவிடும். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விடுங்கள். வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

டிரான்ஸ்மிட்டரின் முகப்பில் திரும்பி வரும் சக்தியைக் காட்டும் அளவுமானி இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் அதைப் படித்து நோட்டில் எழுதுங்கள். எண் மெல்ல ஏறினால் மேலே ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது. ஆன்டெனா இணைக்காமல் டிரான்ஸ்மிட்டரை ஒரு கணம்கூடப் போடாதீர்கள். வெளியேற வழியில்லாத சக்தி திரும்பி வந்து அதன் கடைசிப் பகுதியையே எரித்துவிடும்.

இடியும் மின்வெட்டும்?

ஊரிலேயே உயரமான உலோகம் உங்கள் கோபுரம். எர்த் செய்யாமல் அதை நிறுத்துவது நிலையத்துக்கும் ஆட்களுக்கும் ஆபத்து. கோபுரம், கேபிளின் வெளிப்பின்னல், மின் இணைப்பு எல்லாம் ஒரே எர்த்தில் சேர வேண்டும். பலத்த இடி நெருங்கும்போது ஒலிபரப்பை நிறுத்தி எல்லாவற்றையும் கழற்றிவிடுவதே எங்கள் வழக்கம். நேயர்களிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துவோம். யாரும் குறை சொன்னதில்லை.

மின்சாரத்துக்குச் சின்னக் கணக்கு போதும். 50 வாட் டிரான்ஸ்மிட்டர் மின் இணைப்பிலிருந்து சுமார் 100 வாட் எடுக்கும். ஆறு மணி நேரத்துக்கு 600 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கிறது. ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது அதில் பாதி. ஆக டிரான்ஸ்மிட்டருக்கே ஒரு பேட்டரி முழுதாகப் போகும். மிக்ஸர், கணினி, விளக்குக்குத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டுடியோவுக்கு முட்டை அட்டை ஒட்டலாமா?

வேண்டாம். அது வெளிச் சத்தத்தைத் தடுக்காது, எதிரொலியையும் அதிகம் குறைக்காது, எளிதில் தீப்பிடிக்கும். கனமான போர்வை, பழைய மெத்தை, துணி நிறைந்த அலமாரி எல்லாம் அதைவிட நன்றாக வேலை செய்யும். சுவரிலிருந்து சிறிது இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. சாலைப் பக்கம் ஜன்னல் இல்லாத அறையாகத் தேர்ந்தெடுங்கள். தகரக் கூரை வேண்டாம், மழை பெய்தால் பேசவே முடியாது.

எந்த மைக் வாங்குவது? வெளியே எப்படிப் பதிவு செய்வது?

உறுதியான டைனமிக் மைக். கண்டென்சர் மைக் நுட்பமானது. பக்கத்து வீட்டு நாய் குரைப்பதையும் அதே நுட்பத்தோடு பிடித்துக் கொடுக்கும். வெட்டி ஒட்டுவதற்கு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும். பதிவு அளவு உச்சத்தைத் தொடாமல், மைனஸ் 6 டெசிபலுக்குக் கீழே நிற்கட்டும். சிதைந்த குரலை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது.

கருவியைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மைக்கைத் தூக்கியதும் எதிரில் இருப்பவர் விறைத்துப்போவார். அதுவரை வாய் ஓயாமல் பேசியவர், “வணக்கம், என் பெயர்” என்று மேடைப் பேச்சில் இறங்கிவிடுவார். ஒரு ஆடு மேய்ப்பவரைப் பதிவு செய்யப் போனபோது இதுதான் நடந்தது. மூன்று முறை முயன்றும் பாடப்புத்தகம் போலவே பேசினார். நான்காவது முறை கேள்வியை விட்டுவிட்டு, “எந்த ஆடு உங்கள் பேச்சைக் கேட்காது, ஐயா?” என்றேன். சிரித்தார். நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு ஒலி எழுப்பினார். மந்தை முழுவதும் திரும்பியது, ஒரே ஒரு ஆட்டைத் தவிர. “இதோ இவள்தான்” என்றார். அதன்பிறகு இருபது நிமிடம் நான் வாயே திறக்கவில்லை. அந்த நாக்கொலி இன்றும் அந்த நிகழ்ச்சியின் தொடக்க இசையாக இருக்கிறது.

கையில் வேலை இருப்பவரை வேலையோடு பேசவிடுங்கள். மைக்குக்கு பஞ்சு உறை மாட்டுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கிளம்பும் முன், யாரும் பேசாமல் அந்த இடத்தின் ஒலியை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டிய இடங்களை மூட அது உதவும். பதிவை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று சொல்லிச் சம்மதம் வாங்காமல் எதையும் ஒலிபரப்பாதீர்கள்.

ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஒலிபரப்ப வேண்டும்?

உங்களால் தவறாமல் நடத்த முடிந்த அளவு. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் போதும். இருபத்துநான்கு மணி நேரமும் பாட்டு ஓடுவதைவிட, தினமும் ஆறு மணிக்குச் சரியாகத் தொடங்கும் ஒரு மணி நேரத்தின் மேல்தான் ஊர் தன் வேலைகளை அமைத்துக்கொள்ளும். மாலை நிகழ்ச்சியை மறுநாள் காலை மறுஒலிபரப்புச் செய்யத் தயங்காதீர்கள்.

பேச விஷயமே கிடைப்பதில்லை. என்ன செய்வது?

ஸ்டுடியோவுக்குள் உட்கார்ந்து யோசித்தால் கிடைக்காது. பஸ் நிற்கும் இடத்தில் அரை மணி நேரம் நின்றால் ஒரு வாரத்துக்குக் கிடைக்கும். எந்தக் கிணறு வற்றியது, எந்த நாளில் மருத்துவர் வருகிறார், எந்தப் பூச்சி இறங்கியிருக்கிறது, சந்தையில் விளைபொருள் என்ன விலைக்குப் போனது. காணாமல் போன மாடு, மரண அறிவிப்பு, நாளைக்கு மின்சாரம் எத்தனை மணிக்கு நிற்கும் என்பதையெல்லாம் சிறிய விஷயம் என்று ஒதுக்காதீர்கள். எந்தப் பெரிய வானொலியும் இவற்றைச் சொல்லப் போவதில்லை.

நிபுணரைக் கூப்பிட்டால் அவரைத் தனியாகப் பேசவிடாதீர்கள். எதிரில் ஒரு விவசாயியை உட்கார வையுங்கள். “அது எங்கள் மண்ணில் நடக்காதே” என்று அவர் சொல்லும் இடத்தில்தான் நிகழ்ச்சி தொடங்கும்.

எப்படிப் பேச வேண்டும்? எழுத்துத் தமிழிலா, ஊர்ப் பேச்சிலா?

ஊர்ப் பேச்சில். திருத்தமான உச்சரிப்பு வேண்டும் என்று தேர்வு வைத்து ஆள் எடுத்த காலமும் எங்களுக்கு உண்டு, அது தவறு. தன் பேச்சு வானொலிக்குத் தகாது என்று நம்பியிருந்த ஒரு பாட்டி, தன்னைப் போலவே பேசும் குரலைக் கேட்ட பிறகுதான் நிலையத்தின் படியேறினார்.

பெண்கள் பேச முன்வருவதில்லையே?

கூட்டம் எத்தனை மணிக்கு வைக்கிறீர்கள்? வீட்டு வேலை முடியாத நேரத்தில் கூப்பிட்டுவிட்டு வரவில்லை என்றால் எப்படி? நிலையத்தில் கழிப்பறை இருக்கிறதா, இருட்டிய பிறகு வீடு போய்ச்சேர வழி இருக்கிறதா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரலாமா? இவற்றைச் சரிசெய்தால் பாதிச் சிக்கல் தீரும். மீதிக்கு, மைக்கை மட்டும் கொடுக்காமல் மிக்ஸரையும் கணக்கு நோட்டையும் அவர்கள் கையில் கொடுங்கள். குரல் மட்டும் பெண்ணுடையதாகவும் முடிவு எல்லாம் ஆண்களுடையதாகவும் இருக்கும் நிலையங்கள் ஏராளம்.

சினிமாப் பாட்டு போடலாமா?

உரிமைக் கட்டணம் செலுத்தினால் போடலாம். அதற்கு முன் உங்கள் ஊரில் பாடுபவர்களை எல்லாம் பதிவு செய்து முடித்துவிட்டீர்களா என்று பாருங்கள். அந்தப் பதிவுகளை மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள்.

பணம் எங்கிருந்து வரும்?

ஒரே இடத்திலிருந்து வரக் கூடாது. பெரிய நிதி ஒன்று மூன்று வருடம் வந்து நான்காவது வருடம் நின்றதும் நிலையமும் நின்ற கதைகள் உலகமெங்கும் உண்டு. பொலிவியச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கித்தான் நிலையங்களை நடத்தினார்கள். அதனால் அவர்களுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

நேயர் சந்தா, விதி அனுமதித்தால் உள்ளூர் விளம்பரம், வாழ்த்து அறிவிப்பு, வெளி நிறுவனங்களுக்கு ஒலிப்பதிவு செய்து தருவது என்று பல ஊற்றுகள் வேண்டும். மாத வரவு செலவை ஒலிபரப்பிலேயே படித்துவிடுங்கள். நாங்கள் அதைத் தொடங்கிய மாதத்தில்தான் கேட்காமலே காசு வரத் தொடங்கியது. பழுதுக்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்கி, அதைத் தொடாமல் இருக்கப் பழகுங்கள்.

ஊரில் செல்வாக்கு உள்ளவர்கள் நெருக்கினால்?

நெருக்குவார்கள். எழுதி வைத்த விதி மட்டுமே அப்போது துணை. தேர்தல் நேரத்தில் யாருக்கு எத்தனை நிமிடம், ஒருவர்மேல் குற்றம் சொன்னால் அவருடைய பதில் எப்போது வரும், யாரைப் பற்றியும் சாதியோ மதமோ சொல்லி இழிவாகப் பேசினால் என்ன நடவடிக்கை என்பதெல்லாம் சிக்கல் வருவதற்கு முன்பே சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். எல்லாப் பிரிவினரும் உள்ள ஒரு குழு அதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1993-இல் ருவாண்டாவில் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். என்ற தனியார் வானொலி, கலகலப்பான பேச்சாலும் நல்ல பாட்டாலும்தான் நேயர்களைச் சேர்த்தது. 1994-இல் அதே குரல்கள் அங்கே சிறுபான்மையினரான துட்சி மக்களைக் கொல்லத் தூண்டின. ருவாண்டாவுக்கான பன்னாட்டுக் குற்றவியல் தீர்ப்பாயம் 2003-இல் அதன் நிறுவனர்கள் இருவரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. நேயர்களுக்கு நெருக்கமான குரல் எதையும் செய்ய வல்லது. நேரலையில் யாராவது வெறுப்பைக் கக்கினால், ஒலியைக் குறைக்கும் அதிகாரம் மிக்ஸரின் முன் இருப்பவருக்கு உண்டு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எல்லோரிடமும் செல்பேசி இருக்கும்போது வானொலி எதற்கு?

இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிகளை இணையத்திலும் ஏற்றுங்கள். வெளியூர் போனவர்கள் கேட்பார்கள். ஆனால் புயலோ நிலநடுக்கமோ வந்து செல்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்த பிறகும், பேட்டரியில் ஓடும் சின்ன வானொலிப் பெட்டி பேசும். 2015-இல் நேபாள நிலநடுக்கத்தின்போது பல சமுதாய வானொலிகள் விரிசல் விட்ட கட்டடங்களை விட்டு வெளியேறிக் கூடாரங்களிலிருந்து ஒலிபரப்பின. 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஜப்பானிய மொழி சரியாகத் தெரியாத குடியேறிகளுக்காகப் பல மொழிகளில் பேசும் சிறு வானொலி அங்கே உருவானது. நீங்களும் ஒரு பெட்டியில் பேட்டரி, உதிரி மைக், கையால் எழுதிய தொலைபேசி எண் பட்டியல் ஆகியவற்றை எப்போதும் தயாராக வையுங்கள்.

யாராவது கேட்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எனக்குப் பிடித்த கேள்வி. 1956-இல் அகில இந்திய வானொலி, யுனெஸ்கோ உதவியோடு புனே பக்கம் ஏறத்தாழ 150 கிராமங்களில் கேட்போர் குழுக்களை அமைத்தது. வாரம் இரண்டு முறை அரை மணி நேர நிகழ்ச்சியைக் கூடிக் கேட்பார்கள், பிறகு விவாதிப்பார்கள், கேள்விகளை நிலையத்துக்கு அனுப்புவார்கள். கனடாவில் 1941-இலேயே தொடங்கிய முறை அது. ஊருக்கு ஒரு குழுவை இன்றும் அப்படி அமைக்கலாம். அவர்கள் அனுப்பும் கேள்விக்கு அடுத்த வாரமே பதில் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் குழு கலைந்துவிடும்.

மற்றபடி, நிகழ்ச்சி ஓடும் நேரத்தில் தெருவில் நடந்து பாருங்கள். எத்தனை வீட்டில் உங்கள் குரல் கேட்கிறது என்று எண்ணுங்கள். எந்த நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தது, என்ன சொன்னார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். திட்டியவர்களின் அழைப்பை முதலில் எழுதுங்கள். எங்கள் நோட்டின் முதல் பக்கங்களில் ஒரு அழைப்பு இருக்கிறது. அழைத்தவர் பெயரைச் சொல்லவில்லை. “நீங்கள் ஆறு மணி என்று சொல்வது இரண்டு நிமிடம் தாமதமாக இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் நான் மோட்டாரைப் போடுகிறேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்று மாலையே கடிகாரத்தைத் திருத்தினோம். அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒருவர் ஏணி போட்டு ஏறி அதைச் சரிபார்க்கிறார்.